படம் வருது, சத்தம் வரல

மார்ச் 2

அக்கா,

'நல்லா இருக்கியா'ன்னு கேட்டுதான் ஆரம்பிக்கணும்னு அம்மா பக்கத்துல நின்னுகிட்டு சொல்றா. நல்லா இருக்கியா? சரி, கேட்டாச்சு. இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன கடிதத்துல என்னைத் திட்டினது ரெண்டு பக்கம், அம்மாவைத் திட்டினது அரைப் பக்கம். எனக்குப் பரவால்ல. காலேஜை ரெண்டாவது வருஷத்துல விட்டுட்டு வந்தவளுக்குத் தோல் கொஞ்சம் தடிச்சுதான் இருக்கும். ஆனா அம்மா அந்த அரைப் பக்கத்தை மடிச்சு ஹேண்ட்பேக்ல வெச்சுகிட்டே அலையுறா. 'இந்த வயசுல மேடை ஏறி ஆடணுமா'ன்னு எழுதினியே, அந்த வரி. நீ நாடகத்தைப் பாத்தியா? பாக்கல. பேப்பரைத் திருத்தாமலே ஃபெயில் போடற ஹெட்மிஸ்ட்ரஸ் நீ.

நடந்தது இதுதான். பல் டாக்டர் க்ளினிக்ல அம்மா டோக்கன் கூப்பிடற அழகு உனக்கே தெரியும். மைக் கிடையாது, தேவையும் கிடையாது. ஒருநாள் கன்னம் வீங்கின ஆள் ஒருத்தர் வந்து உக்காந்திருந்தாரு. நாடகக் குழு டைரக்டர். 'பதினாலு! யாருப்பா பதினாலு? பல்லு வலிக்குதா, தூக்கம் வருதா?'ன்னு அம்மா ஒரு சத்தம் போட்டதும் வலியை மறந்துட்டு எந்திரிச்சு நின்னுட்டாராம். அப்படியே ரிகர்சல், அப்படியே ஒரு ஷோ. ஹால் நிறைஞ்சு போச்சு. கடைசி வரிசைல விசில் அடிச்சே எனக்கு உதடு வீங்கிருச்சு.

இப்ப குழு வேன் எடுத்துகிட்டு ஊர் ஊரா போகுது. மார்ச் இருபத்தஞ்சு கிளம்பணும். அம்மாதான் நடுநாயகம். ஆனா அம்மா என்ன சொல்லிட்டா தெரியுமா? 'மூத்தவ பாத்துட்டு சரின்னு சொன்னா வர்றேன். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க.' டைரக்டர் தலைல கை வெச்சுட்டாரு. மூத்தவ இருக்கறது நெட்டும் இல்லாத, வாரம் ஒரு படகு மட்டும் வர்ற தீவுல, வானிலை நிலையத்துல காத்தை அளந்துகிட்டு!

வீடியோக்காரர் நாடகத்தை ப்ளூ-ரே டிஸ்க்ல குடுத்துட்டாரு. நம்ம லேப்டாப்புல போட்டா கிர்ருன்னு சுத்திட்டு வெளிய துப்பிருச்சு. அதுல இருக்கறது வெறும் டிவிடி டிரைவ், ப்ளூ-ரேயைப் படிக்காது. நான் வேலை பாக்கற வீடியோ கடைல ப்ளூ-ரே டிரைவ் இருக்கு. அதுல போட்டு ஃபைலா மாத்தி பென் டிரைவ்ல அனுப்பியிருக்கேன். உங்க சாப்பாட்டு ஹால் டிவி பின்னாடி குத்து. பாரு. சரின்னு ஒரு வார்த்தை எழுது.

வாலு

மார்ச் 6

வாலு,

நலம். காற்று தென்மேற்கு, மிதம்.

பென் டிரைவ் நனையாமல் வந்தது. செருகினேன். 'இந்த ஃபைலை இயக்க முடியாது' என்றது டிவி. சமையல்காரர் வேட்டியால் துடைத்துவிட்டுச் செருகினார். ரேடியோக்காரர் வாயால் ஊதிவிட்டுச் செருகினார். அதே பதில். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வெளியார் பென் டிரைவ் எதையும் செருகக் கூடாது, அதனால் அதைக் கேட்காதே.

ஒரு வேலையைத் தொடங்கி முடிக்காமல் பாதியில் எழுந்து வருவது உனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை அம்மாவையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

என் கோபம் நாடகத்தின் மேல் இல்லை. நான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன நாளை நீ பார்த்தாய். அம்மா என் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தாள். தெருவில் துணி பொறுக்கினேன். நான்கு நாள் கழித்துக் கிளம்பும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் களேபரத்தில் என் நீல ஸ்வெட்டர் எங்கோ போயிற்று. இங்கே காற்று எலும்பைத் தொடும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள் ஊர் முன்னால் இரண்டு மணி நேரம் பேசுகிறாளாம். அதைப் பார்த்து நான் சரி சொல்ல வேண்டுமாம்.

இருந்தாலும் ஓடுகிற மாதிரி அனுப்பு. பார்க்காமல் ஃபெயில் போட்டேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

அக்கா

மார்ச் 10

அக்கா,

'இயக்க முடியாது'ன்னு டிவி சொன்னதை எழுதினியே, டிவி மாடலை எழுதினியா? காத்தோட திசை மட்டும் கரெக்டா எழுதுவ!

படகுக்காரரைப் பிடிச்சு விசாரிச்சேன். உங்க டிவி எந்தக் காலத்துதுன்னு அவருக்கே ஞாபகம் இல்லையாம், தூக்கிட்டு வந்தப்ப இடுப்பு பிடிச்சுகிச்சாம், அது மட்டும் ஞாபகம் இருக்காம். இப்ப புரிஞ்சுது. ஃபைல் சின்னதா இருக்கட்டும்னு நான் புது முறைல சுருக்கி அனுப்பிட்டேன். பழைய டிவிக்கு அந்த பாஷை தெரியாது. அதுக்குத் தெரிஞ்ச பழைய முறைல இப்ப மாத்திட்டேன். அப்படிப் பண்ணா ஃபைல் பூதம் மாதிரி வீங்குது. அந்த மாதிரி டிவி படிக்கற பென் டிரைவ்ல நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏத்த முடியாது. நல்ல வேளை, டிஸ்க்லயே நாடகம் நாலு துண்டாதான் இருந்துச்சு. அதே நம்பர் வரிசைல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு பேர் வெச்சிருக்கேன். வரிசையா போட்டுப் பாரு.

சத்தத்தை மட்டும் நான் தொடல. டிஸ்க்ல எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருக்கேன். கடை ஓனர், 'அதையும் மாத்திரும்மா, எதுக்கு வம்பு'ன்னாரு. படத்தை எவ்வளவு வேணா சுருக்கலாம், அம்மா குரலைச் சுருக்க எனக்கு மனசு வரல. முழுசா கேளு.

அப்புறம், பாதியில எழுந்து வர்றவன்னு சொன்னியே. பிடிக்காத சாப்பாட்டைப் பாதியில விட்டு எழுந்தேன். பிடிச்சதை ப்ளேட்டை வழிச்சுத் தின்னுகிட்டிருக்கேன். பாத்துக்கோ.

வாலு

மார்ச் 13

வாலு,

படம் வந்தது. சத்தம் வரவில்லை.

முதலில் குறைகள், உனக்கு வேண்டியது அதுதான். நான்கு ஃபைலும் ஓடின. படம் தெளிவு. யாராவது கையை வேகமாக வீசினால் மட்டும் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். சத்தம் அறவே இல்லை. ஒலியை நூறு வரை ஏற்றினோம். அந்த நேரம் பார்த்து சமையல்காரர் ஏதோ பட்டனை அழுத்த, டிவியின் மெனு 'டொய்ங்' என்று அலறியது. ரேடியோக்காரர் டீயை மடியில் கொட்டிக்கொண்டார். ஆகவே டிவி ஸ்பீக்கரில் பழுதில்லை.

அணைத்துவிடலாம் என்று எழுந்தேன். சமையல்காரர் விடவில்லை. "இருங்கம்மா. உங்கம்மா யாரையோ வாங்கு வாங்குன்னு வாங்கறாங்க. என்ன திட்டறாங்கன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

திரையைப் பார்த்தேன். அம்மா இடுப்பில் ஒரு கை, கரண்டியில் ஒரு கை. தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குச் சத்தம் எதற்கு? என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஈர டவலைக் கட்டில் மேல போடாத, போடாதன்னு எத்தனை தடவைடி சொல்றது? கட்டில் என்ன கொடிக்கயிறா? இங்க வா. வரச்சொன்னா வரணும். ஓடறியா? ஓடு, ஓடு, பசிச்சா இங்கதானே வரணும்!"

உதட்டசைவு அச்சாகப் பொருந்தியது. ஓடு, ஓடு என்றபோது திரையில் கரண்டியும் இரண்டு முறை ஆடியது. ரேடியோக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று பின்னால் ஓட்டினார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு எங்கள் பாஸ் வந்தார். இந்தத் தீவுக்கு வந்த நாள் முதல் அவர் பல்லை நான் பார்த்ததில்லை. நேற்று பார்த்தேன், ஒரு பல் குறைகிறது. இன்று காலைச் சாப்பாடு முடிந்ததும் அவரே டிவியைப் போட்டு, "ம், ஆரம்பிங்க" என்றார். மகள் வேஷத்துக்கு ரேடியோக்காரர் கீச்சுக் குரலில் பேசினார். இதுவரை மூன்று காட்சி நடந்தாயிற்று.

ஆனால் கதை பிடிபடவில்லை. முதல் ஃபைலில் மகளின் பெட்டியை அடுக்குகிறாள். யாரும் பார்க்காதபோது அதிலிருந்து ஒரு ஸ்வெட்டரை உருவி முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறாள். பெட்டி மூடவில்லை, அதன் மேல் ஏறி உட்கார்ந்து என்னவோ சொல்கிறாள். அந்த இடத்துக்கு எனக்கு வசனம் வரவில்லை. "இது என்னோடது, தர மாட்டேன்" என்று ஏதோ ஒப்பேற்றினேன். இரண்டாவதில் கரண்டி. மூன்றாவதில் காலி நாற்காலியை நிற்கவைத்துத் திட்டுகிறாள். நான்காவதில் பெட்டியைத் தூக்கி வெளியே எறிகிறாள். துணி பறக்கிறது. முடிந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அது என் பெட்டி, வாலு. ஊரைக் கூட்டிவைத்து என்னை இரண்டாவது முறை விரட்டியிருக்கிறாள். இதற்குத்தான் சரி வேண்டுமா?

அக்கா

மார்ச் 17

அக்கா! அக்கா! அக்கா!

எதையும் முடிவு பண்ணாத. கையைக் கட்டிகிட்டு உக்காரு. தப்பு நாடகத்துல இல்ல, என் மண்டைல!

ப்ளூ-ரே டிஸ்க்ல ஃபைல் நம்பர் ஒரு வரிசை, கதை ஓட வேண்டியது வேற வரிசை. எதுக்கு அப்புறம் எதுன்னு சொல்றதுக்குன்னே டிஸ்க்ல தனியா ஒரு பொடி ஃபைல் இருக்கும். ப்ளேயர் அதைப் படிச்சுதான் ஓட்டும். நான் அதைத் திறந்துகூட பாக்காம நம்பரை நம்பிட்டேன். வீடியோக்காரர் கடைசி சீனை முதல்ல எடிட் பண்ணி முதல்ல ஏத்தியிருக்காரு. நீ கடைசி சீனை முதல்ல பாத்துட்டு, ரெண்டாவது சீனைக் கடைசில பாத்திருக்க. கதையையே தலைகீழா தொங்கவிட்டிருக்கேன். எப்படி இருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். நீயே பாரு.

சத்தம் வராததும் என் வேலைதான். டிஸ்க்ல இருந்த ஒலி பெரிய தியேட்டர் சிஸ்டத்துக்கானது. உங்க டிவிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, கம்முனு இருந்துருச்சு. சுருக்க மனசு வரலன்னு சொல்லி ஒரேயடியா ஊமையாக்கிட்டேன், அதுவும் அம்மாவை! ஓனர் சிரிச்சுகிட்டே ஸ்க்ரூ டிரைவரால முதுகு சொறிஞ்சாரு. அதுக்குத் திட்டியிருக்கலாம். இப்ப சாதாரண ரெண்டு ஸ்பீக்கர் சத்தமா மாத்திட்டேன். சீப்புக் கோட்டையும் எடுத்துட்டேன்.

இந்தத் தடவை டெஸ்ட் பண்ணாம அனுப்பல. தெருமுனை சலூன்ல உங்க டிவியோட உடன்பிறப்பு ஒண்ணு இருக்கு. படகுக்காரரையே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். இடுப்பைத் தடவிகிட்டே 'இதேதாம்மா'ன்னாரு. பென் டிரைவைக் குத்தினேன். படம், சத்தம், வரிசை, எல்லாம் டாண்ணு வந்துச்சு. முடி வெட்டி முடிச்சவங்க யாரும் எந்திரிக்கல. ஒருத்தருக்கு ஒரு பக்க மீசைதான் எடுத்திருந்தாங்க. சலூன்காரர் கத்தியைக் கீழ வெச்சுட்டு டிவியைப் பாக்கறாரு. அந்த ஆள், 'நீ பாருய்யா, மீசை எங்க போயிடப்போகுது'ங்கறாரு!

நீ டப்பிங் பேசினதை அம்மாகிட்ட சத்தமா படிச்சுக் காட்டினேன். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. கடைசிப் பத்தியைப் படிக்கல, மடிச்சுட்டேன். 'மூத்தவ சிரிச்சாளா?'ன்னு கேட்டா. 'அவளும் சிரிச்சா, அவ பாஸும் சிரிச்சாரு'ன்னேன். 'பாஸ் கிடக்கட்டும்டி, அவ சிரிச்சாளா?'ன்னு திரும்பவும் கேக்கறா.

இருபத்தஞ்சுக்கு வேன். வியாழக்கிழமை படகுல இது வந்துரும். வெள்ளிக்கிழமை அதே படகுல பதில் போடு. கணக்கு சரியா இருக்கு. சொதப்பிராத.

வாலு

மார்ச் 19

வாலு,

இந்தக் கடிதம் நாளை போகாது. படகு வராது. படகை நிறுத்தியவளே நான்தான்.

காலையில் பலூன் விட்டேன். மேலே காற்று திசை மாறிவிட்டது. அழுத்தம் படியிறங்குகிற மாதிரி இறங்குகிறது. கடல் இப்போது கண்ணாடி போலக் கிடக்கிறது, பார்ப்பவர்கள் என்னைப் பைத்தியம் என்பார்கள். எச்சரிக்கை எழுதி ரேடியோக்காரரிடம் கொடுத்தேன். அவர் வாங்காமல் என்னையே பார்த்தார். "இதுல போட்டா படகு நின்னுடுமேம்மா. அம்மா குரல் வர்ற படகு."

"எனக்குத் தெரியாதா? படிங்க" என்றேன். படித்தார்.

சமையல்காரர் என்னிடம் பேசவில்லை. முட்டையை மட்டும் தட்டில் 'டக்' என்று வைத்துவிட்டுப் போனார்.

சத்தத்தோடு பார்க்காமல் சரி என்றும் எழுத முடியாது, வேண்டாம் என்றும் எழுத முடியாது. எழுதினாலும் போகாது. இருபத்தைந்தாம் தேதி வேன் போய்விடும்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

உன் எச்சரிக்கையை ரேடியோல கேட்டோம். வெளிய வெயில் மண்டையைப் பிளக்குது, தெருவே சிரிக்குது. அம்மா மட்டும் கொடில இருந்த துணியெல்லாம் அள்ளி உள்ள போட்டுட்டா. பக்கத்து வீட்டு மாமி, 'ஒரு மேகம் கூட இல்லையேம்மா'ன்னாங்க. அதுக்கு அம்மா, 'என் மூத்தவ காத்துன்னா காத்துதான். உங்க போர்வையையும் எடுங்க'ன்னா.

டைரக்டர் இன்னும் ஒரு படி மேல போயி, 'மழை வர்றதுக்கு முன்னாடி, வெள்ளிக்கிழமையே கிளம்பிரலாம். வேற நடிகையைப் பிடிச்சாச்சு'ன்னு வந்து நின்னாரு. அம்மா க்ளினிக் கவுன்டர்ல இருந்து எந்திரிச்சா. டோக்கன் குரல்ல ஒண்ணு விட்டா பாரு! 'நான் வர்றதும் வராததும் அப்புறம். யாரும் வேனை எடுக்கக் கூடாது! அவ சொல்லியிருக்கா!' ஊசிக்குப் பயந்து கண்ணை மூடிகிட்டிருந்தவங்க எல்லாம் கண்ணைத் திறந்துட்டாங்க. வேன் நின்னுது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அடிச்சுது பாரு காத்து. மலைப்பாதைல மரம் மரமா சாஞ்சு கிடக்கு. வேன் போயிருந்தா அந்த நேரத்துக்கு அங்கதான் இருந்திருக்கும். பக்கத்து வீட்டு மாமி போர்வைக்கு நன்றின்னு உனக்குச் சொல்லச் சொன்னாங்க.

இப்ப பாதை சரியாக இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். டைரக்டர் அந்த வேற நடிகைகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்து, 'உங்க மூத்த பொண்ணு சொல்ற வரைக்கும் இந்த வேன் ஸ்டார்ட்டே ஆகாதும்மா'ங்கறாரு.

அதனால, ஹெட்மிஸ்ட்ரஸ், பேப்பரைத் திருத்து. பென் டிரைவ் துறைமுகத்துல தபால் மூட்டைக்குள்ள தவம் கிடக்குது. கடல் எப்ப அடங்கும்னு நீதானே சொல்லணும்.

வாலு

மார்ச் 27

வாலு,

நேற்று படகு வந்தது. என் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தையும் இதோடு வைக்கிறேன், படித்துவிட்டு சிரி.

நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். சமையல்காரர் என்னோடு மீண்டும் பேச ஆரம்பித்துவிட்டார். டிவியைப் போட்டதும் அம்மாவின் குரல் ஹாலை நிறைத்தது. பாஸ் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். "உங்களைக் கூப்பிடல சார், உக்காருங்க" என்றேன்.

டவல் வசனம் நான் சொன்னதுதான், கொடிக்கயிறு வரை. ரேடியோக்காரர் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பெட்டியை எறிந்தாள். ஆனால் படம் அங்கே முடியவில்லை. மகள் கோபித்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விடுகிறாள். அம்மா காலி நாற்காலி முன்னால் நிற்கிறாள். நான் அதை இத்தனை நாள் திட்டு என்று நினைத்தேன். சத்தத்தோடு கேட்ட பிறகுதான் தெரிந்தது, ஒத்திகை. 'போயிட்டு வா' என்று சொல்லிப் பார்க்கிறாள். வரவில்லை. கோபமாகச் சொல்கிறாள், கெஞ்சலாகச் சொல்கிறாள், டோக்கன் கூப்பிடுகிற மாதிரிகூடச் சொல்கிறாள். பாதிச் சிரிப்பில் சமையல்காரர் மூக்கை உறிஞ்சினார்.

அப்புறம் பெட்டி. அடுக்குகிறாள். ஸ்வெட்டரை உருவி ஒளிக்கிறாள். மேலே ஏறி உட்கார்ந்து, மகள் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள்:

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடாதடி. ஏதாவது ஒண்ணை மறந்து வெச்சுட்டுப் போ. அதை எடுக்கவாவது வருவேல்ல?"

அதைத்தான் நான் "தர மாட்டேன்" என்று டப்பிங் பேசியிருந்தேன். சொல் தப்பு. ஆனால் முழுத் தப்பும் இல்லை.

வாலு, என் நீல ஸ்வெட்டர் எங்கே?

அம்மாவிடம் படித்துக்காட்டு: சரி. நூறு தடவை சரி. மூத்தவள் சிரித்தாள், அழுதாள், கை வலிக்கத் தட்டினாள். பாஸும் தட்டினார், அவர் கிடக்கட்டும்.

நீ பாதியில் எழுந்து வருகிறவள் இல்லை. மூன்று முறை அனுப்பியிருக்கிறாய். திருத்திக்கொள்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

வேன்ல இருந்து எழுதறேன், அதான் எழுத்து குதிக்குது. மைக், லைட், ரெக்கார்டிங் எல்லாத்துக்கும் டைரக்டர் என்னையே போட்டுட்டாரு. ஓனரே, 'போ, இங்க இருந்தா என் டிரைவைத்தான் தேய்ப்பே'ன்னு துரத்திவிட்டாரு. எல்லாத்தையும் ரெண்டு ஸ்பீக்கர் சத்தத்துல, சரியான வரிசைல பதியறேன்.

ஒரு விஷயம். பெட்டி மேல உக்காந்து பேசற வசனம் ஸ்க்ரிப்ட்லயே கிடையாது. ரிகர்சல்ல அம்மாவா சேத்தது. டைரக்டர் அதை வெட்டப் பாத்தாரு, அம்மா விடல. ஸ்வெட்டர் பீரோல, ரெண்டாவது தட்டுல, நாஃப்தலின் உருண்டையோட பத்திரமா இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. ஒரு தடவை போட்டுப் பாக்கறேன்னு எடுத்ததுக்கு கரண்டியோட துரத்தினா.

அடுத்த வாரம் உங்க படகு கிளம்பற துறைமுகத்துல எங்க ஷோ. மறுநாள் லீவு. அம்மா ரெண்டு நாளா ஜன்னல் வழியா மேகத்தையே பாத்துகிட்டு வந்தா. இன்னிக்கு வாயைத் திறந்துட்டா: 'அந்தப் படகுல நாடகக்காரங்களை எல்லாம் ஏத்துவாங்களா? அவகிட்ட கேளு. காத்து எப்படி இருக்கும்னும் கேளு. ஸ்வெட்டர் வேணுமான்னும் கேளு. ஆள் அனுப்பி பீரோல இருந்து எடுத்துட்டு வரச் சொல்லிடலாம்.'

கேட்டாச்சு. பதில் போடு.

வாலு

ஏப்ரல் 10

வாலு,

அடுத்த வாரத்துக்கான அறிவிப்பு:

காற்று மிதம். அலை தாழ்வு. வானம் தெளிவு. படகு வரலாம். நாடகக்காரர்கள் வரலாம். சமையல்காரர் காலையிலிருந்து பாத்திரம் தேய்க்கிறார். ரேடியோக்காரர் மகள் வேஷத்துக்குத் தயார். பாஸ் புதுப் பல் கட்டியிருக்கிறார்.

அம்மா வரலாம்.

ஸ்வெட்டரை மட்டும் பீரோவிலேயே விட்டுவைக்கச் சொல். அதை எடுக்க நான் வரணும்.

அக்கா